படுக்கைப் புண்ணும் வீட்டுப் பராமரிப்பும்

உறக்கத்தில் நாம் பலமுறை புரண்டு படுக்கிறோம். ஏன் தெரியுமா? உடலின் எடை ஒரே இடத்தை நெடுநேரம் அழுத்தினால் தோலிலுள்ள இரத்த நுண்குழாய்கள் நசுங்கிவிடும். அவற்றினுள் உள்ள அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரச அளவே. இரத்த ஓட்டம் நின்றால் பிராணவாயு கிடைக்காமல் திசுக்கள் மடியும். பக்கவாதத்தால் படுத்துவிட்டவர் தாமாகப் புரள இயலாது. எனவே அவருக்கு முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய எலும்பு துருத்திய இடங்களில் புண் தோன்றுகிறது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே அளவிடலாம். இங்கிலாந்துச் செவிலியர் டோரீன் நார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் 1962-ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலஜலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண்கள், மொத்தம் 20. நோயாளி பெறுவது 14 அல்லது அதற்கும் குறைவு என்றால் எச்சரிக்கை தேவை.

வீட்டில் நோயாளியைக் கவனிக்க ஆள் அமர்த்துகிறீர்களா? சிலவற்றைக் கேட்டறியுங்கள். சுமார் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறாரா? அந்த நேரத்தை நோட்டில் குறிக்கிறாரா? இழுக்காமல் தூக்கி நகர்த்துகிறாரா? ஈரத்தை உடனே துடைக்கிறாரா?

சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்காவிட்டால் புண்ணின் தொடக்கம் அது. கறுத்த மேனியில் சிவப்பு தெரியாது. சூடு, கடினம், வலி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். அவ்விடத்தைத் தேய்க்காதீர்கள், அடியிலுள்ள திசு மேலும் சிதையும். மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

பராமரிப்பின் தரத்தைக் காட்டுவது வெள்ளைச் சீருடை அன்று, புண்ணில்லாத முதுகே.