அம்மையும் அக்காமாரும்
ஊழியப் பாதையில் பெண்கள் – 6

பாளையங்கோட்டையில் 1785-ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பெற்று, இன்றளவும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஜனங்களால் வழங்கப்பெறுகின்ற ஆலயத்தையும், அதனைக் கட்டுவித்த குளோரிந்தா அம்மையாரின் சரித்திரத்தையும் சென்ற இதழில் கண்டோம். அவ்வம்மையார் விதவையாயினும் கையில் பொருளும், எடுத்த காரியத்தை முடிக்கும் செல்வாக்கும் உடையவராயிருந்தார். இவ்விதழில் நாம் காணப்போகும் பொன்னம்மாளுக்கோ அவ்விரண்டும் இல்லை. புருஷனை இழந்தபின் அவனைப் பெற்றவர்கள் வீட்டில் அடங்கியிருந்து, ஆலயத்துக்குப் போய்வருவதைத் தவிர வெளியுலகத் தொடர்பு யாதொன்றுமின்றி நாட்களைக் கழித்துவந்த இளம் கிறிஸ்தவப் பெண் அவர். தோனாவூர் ஸ்தாபனத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் ஸ்தாபகியான ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் புகழை விரித்துரைத்துவிட்டு, பொன்னம்மாளை அவருடைய உதவியாளர் என்று ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுவது வழக்கம். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஸ்தாபனத்தில் ஒரு பெண் மற்றொரு பெண்ணைப் பழக்கி ஆளாக்கும் முறையென்று ஒன்று ஏற்பட்டதே, அம்முறையின் முதல் ஆசிரியை பொன்னம்மாள்தான் என்பது என் கருத்து.

அக்காலத்துத் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவப் பெண்களுக்குக் கல்வி கிடையாதென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இந்தியாவைக் கண்ணாலும் காணாத சாரா டக்கர் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் ஞாபகார்த்தமாக 1858-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய பாடசாலை, பெண்களை உபாத்தியாயினிகளாகப் பயிற்றுவித்து, 1895-இல் கல்லூரியாகவே உயர்ந்துவிட்டது. அதைவிட எளிய நிலையில், ஆடவர் புகமுடியாத அந்தப்புரங்களுக்குச் சென்று, வீட்டுப் பெண்களுக்கு எழுத்தும் வேதாகமமும் கற்பித்துவந்த பைபிள் ஸ்திரீகள் பலர் இருந்தனர். அவர்களுக்கு மிஷன் சம்பளம் கொடுத்தது. சம்பளம் வாங்கியது குற்றமன்று. அவர்களுள் பெரும்பாலோர் விதவைகள், ஜீவனத்துக்கு வேறு வழியில்லாதவர்கள். ஆயினும் ஊழியம் என்பது உத்தியோகமாகிவிட்ட இடத்தில், ஒருத்தி மற்றொருத்திக்குத் தன்னையே கொடுத்துப் பழக்குவதற்கு அவகாசம் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அயர்லாந்தில் 1867-இல் பிறந்து, 1895-இல் பெங்களூர் வந்து சேர்ந்த கார்மைக்கேல் அம்மையார், மறு வருஷக் கடைசியில் திருநெல்வேலிக்கு வந்து, தாமஸ் வாக்கர் என்னும் மிஷனரியிடம் தமிழ் பயிலத் தொடங்கினார். வாக்கர் தம்பதிகளோடு பண்ணைவிளையில் தங்கியிருந்த காலத்தில், சம்பளத்தை எதிர்பாராமல் கிராமம் கிராமமாகச் செல்வதற்குச் சம்மதித்த சில தமிழ்ப் பெண்களை அவர் சேர்த்துக்கொண்டார். மாட்டு வண்டியிலேறி வெயிலிலும் புழுதியிலும் ஊர்தோறும் சென்று, கூடாரமடித்துத் தங்கிய இச்சிறு குழுவுக்கு, கண்ட ஜனங்களே நட்சத்திரக் கூட்டம் என்று பெயரிட்டுவிட்டார்கள். குலப்பெண்கள் ஆடவர் துணையின்றி இவ்வாறு சஞ்சரிப்பது, கிறிஸ்தவர்களுக்குள்ளேயே பலருக்கு முகச்சுளிப்பை உண்டாக்கியது. ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வி ஞானஸ்நானம் பெற்றவர்களையும் விடுவதில்லை.

பொன்னம்மாள் இக்கூட்டத்திற் சேர்ந்தது எளிதில் நடந்த காரியமன்று. வீட்டுப் பெரியவர்களின் மனம் மெல்ல மெல்ல இளகி, முதலில் அருகிலுள்ள தெருக்களுக்கும், பின்னர் தூரத்துக் கிராமங்களுக்கும் போக உத்தரவு கிடைத்தது. போன இடத்தில் ஒரு நாள் ஒரு சிறு பெண், தானும் பெரியவளானதும் இக்கூட்டத்திற் சேர்ந்தால் இந்த அக்காள் போட்டிருப்பதைப் போன்ற நகைகளைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னது பொன்னம்மாளின் காதில் விழுந்தது. தாம் சொல்லவந்த செய்தி ஒன்றிருக்க, அந்தக் குழந்தை தம்மிடமிருந்து கற்றுக்கொண்டது வேறொன்றாயிருந்ததை உணர்ந்த அவர், நகைகளைக் கழற்றிவிட்டார். இதைக் கேட்கும் நமக்கு அற்ப சங்கதியாகத் தோன்றலாம். திருநெல்வேலிப் பக்கத்தில் பெண்ணின் காதிலும் கழுத்திலும் கிடக்கும் பொன், அவளுடைய அலங்காரம் மாத்திரமன்று. அவள் பிறந்த குடும்பத்தின் மானமும், அவளுக்கு ஆபத்துக் காலத்தில் உதவும் ஒரே சொத்தும் அதுவே. நகையில்லாத காது குடும்பத்துக்கே அவமானம் என்று உறவினர் கொதித்ததில் ஆச்சரியமில்லை. யாருடைய உபதேசமுமின்றி ஒரு தமிழ்ப் பெண் தானாகவே எடுத்த இந்தத் தீர்மானத்தை, கூட்டத்திலிருந்த மற்றப் பெண்களும் பின்பற்றினார்கள். வழி காட்டியவர் யார், வழி நடந்தவர் யார் என்று இவ்விடத்தில் யோசித்துப் பார்க்கலாம்.

1901-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி, பெருங்குளத்தில் தேவதாசிகள் வீடொன்றிலிருந்து இரவில் தப்பியோடிவந்து, ஒரு கிறிஸ்தவ மூதாட்டியின் கைப்பிடித்து, மறுநாட் காலையில் பண்ணைவிளையில் கார்மைக்கேல் அம்மையாரின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதற்கு முன்னொரு தடவை தூத்துக்குடியிலிருந்த தன் தாயிடம் ஓடிப்போய், அங்கிருந்து திருப்பியனுப்பப்பட்டு, கையிற் சூடும் போடப்பட்டவள் அவள். அவ்வருஷத்திலேயே இக்குழு, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஜெர்மானியப் பிரபுவான தோனா என்பவரின் பொருளுதவியால் எழுந்து அவர் பெயரையே தாங்கிய தோனாவூருக்குக் குடிபெயர்ந்தது. 1904 மத்தியில் அங்கே குழந்தைகள் பதினேழாகிவிட்டார்கள். கோயில்களுக்குப் பொட்டுக்கட்டப்படவிருந்த பெண் குழந்தைகளைப் பற்றி அம்மையார் எழுதியவற்றுள், பரதமும் சங்கீதமும் வளர்த்த ஒரு மரபின் மறுபக்கம் காணப்படவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆனால் அதே மரபிற் பிறந்த தாயின் மகளான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் இவ்வழக்கத்தை எதிர்த்துப் போராடியதையும், 1947-இல் சென்னை அரசாங்கம் அதைச் சட்டத்தால் ஒழித்ததையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு, சூடுபட்ட ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்வதற்குக் கலா விமர்சனம் காத்திருக்க முடியாதென்பது விளங்கும்.

குழந்தைகள் வந்தவுடன் நட்சத்திரக் கூட்டத்தின் சஞ்சாரம் நின்றது; பொன்னம்மாளின் மெய்யான பரீட்சையும் அப்போதுதான் ஆரம்பித்தது. ஊரூராகச் சென்று உபதேசம் செய்வதில் ஒரு கௌரவம் உண்டு. பிறந்து சில நாட்களேயான, நோயுற்ற, யாருடையதென்று தெரியாத சிசுவின் மலஜலத்தைத் துடைத்து, துணி துவைத்து, இரவெல்லாம் விழித்திருப்பதில் உலகத்தார் கண்ட கௌரவம் என்ன? ஆயா வேலை என்று அதற்குப் பெயர். திருச்சபையில் உதவி கேட்டபோது, படித்த குடும்பத்துப் பெண்கள் இந்த வேலைக்கு வருவார்களென்று எதிர்பார்க்கவே இடமில்லையென்ற பதிலே கிடைத்தது. தாய்ப்பால் கொடுப்பதற்கு ஆள் தேடினால், வேறு ஜாதிக் குழந்தைக்கு மார்பு கொடுக்க எந்தப் பெண்ணும் முன்வருவதாயில்லை. ஆகவே பசும்பாலும் டப்பாப் பாலுமே கதியாயிற்று. சிசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெலிந்தன.

தோனாவூரில் வைத்தியர் இல்லாமையால், தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி இருந்த நெய்யூரில் சிசுக்களுக்கென்று ஒரு விடுதியை அமைத்து, அதன் முழுப் பொறுப்பையும் பொன்னம்மாளிடம் ஒப்படைத்தார்கள். அவர் தாதிப் பயிற்சி பெற்றவரல்லர். டாக்டர்கள் சொன்னதைக் கேட்டு, பாலுக்குத் தண்ணீர் எவ்வளவு, எந்த வயதுக்கு எத்தனை அவுன்ஸ், புட்டியைக் கொதிக்கவைப்பது எவ்வாறு, காய்ச்சலுள்ள சிசுவை மற்றவற்றினின்று பிரித்துவைப்பது எவ்வாறு என்று ஒவ்வொன்றாகக் கற்றார். தாம் கற்றதை உடனே, தம்மோடிருந்த பெண்களின் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். கண்ணளவாகவே பாலையும் தண்ணீரையும் கலந்து பழகிய கைகளுக்கு அவுன்ஸ் கணக்கைப் புகட்டுவது இலேசான காரியமன்று. புட்டியில் ஒட்டிய பழம்பால் ஓர் உயிரை வாங்கிவிடும் என்பதைப் பயமுறுத்தியும் சொல்லலாம், பக்கத்திலிருந்து பத்துத் தடவை கழுவிக் காண்பித்தும் சொல்லலாம். பொன்னம்மாள் முன்நின்று செய்துகாட்டுகிறவர். இவ்வளவு ஜாக்கிரதைக்கும் நடுவே ஒரு தொற்றுநோய் விடுதியிற் புகுந்து, பத்துக் குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அம்மையார் தோனாவூரில் இருக்க, மாட்டு வண்டியில் ஒரு பகலுக்கு மேற்பட்ட தூரத்திலிருந்த நெய்யூரில் அக்குழந்தைகளை ஒவ்வொன்றாக அடக்கம் செய்துவிட்டு, மிஞ்சியவற்றுக்குப் பால் காய்ச்சும்படி அழுதுகொண்டிருந்த பெண்களைத் திரும்பவும் அடுப்படிக்கு அனுப்பவேண்டிய கடமை அந்த விதவையின் தலையில் விழுந்தது. 1907-இல் மேபெல் வேட் என்னும் தேர்ச்சிபெற்ற ஆங்கிலத் தாதி வந்து சேர்வதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது.

தோனாவூருக்குள் உறவுமுறைப் பெயர்களே உத்தியோகப் பெயர்களாயின. கார்மைக்கேல் எல்லோருக்கும் அம்மை. வெளிநாட்டுப் பெண்கள் சித்திகள். பிற்காலத்தில் வந்த ஆடவர்கள் அண்ணாச்சிகள். குழந்தைகளை நேரடியாக வளர்க்கும் தமிழ்ப் பெண்கள் அக்காமார். ஒவ்வோர் அக்காளின் கையிலும் சில குழந்தைகள். அக்குழந்தைகளுள் மூத்தவள் ஏழெட்டு வயதிலேயே இளையவளைத் தூக்கவும் குளிப்பாட்டவும் கற்று, காலக்கிரமத்தில் தானே அக்காளாவாள். மேற்பார்வைக்கென்று ஒருவரும், உழைப்புக்கென்று மற்றொருவரும் என்ற பாகுபாட்டைக் கூடியவரையில் தவிர்த்தார்கள். ஆயினும் அம்மையும் சித்திகளும் ஐரோப்பியர், அக்காமார் தமிழர் என்ற வரிசை அங்கேயும் இருந்ததைக் கவனிக்காமல் இருப்பதற்கில்லை. இந்த அமைப்பின் அழகைச் சொல்லும்போதே அதன் அக்காலத்து அடையாளத்தையும் சொல்லிவிடுவதே நேர்மை.

பொன்னம்மாளுக்கு 1913-இல் புற்றுநோய் கண்டு, நாகர்கோவிலில் சத்திர சிகிச்சை நடந்தது. அம்மையார் தமது நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளையும் மற்றவர்களிடம் விட்டுவிட்டு அங்கே போய் அவரோடு தங்கினார். அம்மையாருக்குத் தமிழ் வீட்டின் உள்முகத்தை, எதைச் சொன்னால் மனம் புண்படும், எதைச் செய்தால் வாசல் திறக்கும் என்ற சூக்ஷ்மங்களை உணர்த்திய பெண், இப்போது அவருடைய பணிவிடையைப் பெறவேண்டியவரானார். 1915-இல் பொன்னம்மாள் காலமானார். அவருடைய ஸ்தானத்தில் வேறொருவரை நியமிப்பது சாத்தியமாயிருக்கவில்லை. ஒருவர் சுமந்ததைப் பலர் பகிர்ந்து சுமக்கத்தக்க ஏற்பாடு வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் மார்ச்சு மாதத்தில் ஏழு இளம் பெண்களைக் கொண்டு அம்மையார் ஒரு சகோதரி சங்கத்தை ஏற்படுத்தினார். பதினான்காம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்து டெவென்டர் நகரில் கெரார்டு குரோட் என்பவரைப் பின்பற்றி எழுந்த சகோதர சங்கத்தின் பெயரைத் தழுவி, பொதுவாழ்வுச் சகோதரிகள் என்று அதற்குப் பெயர் வைத்தார். ஜெபம் ஒரு வகை, துணி துவைத்தல் வேறு வகை என்ற பேதம் அங்கே இல்லை, இரண்டும் ஊழியமே. சனிக்கிழமைகளில் அவர்கள் கூடி, பக்தர்களின் நூல்களைச் சேர்ந்து வாசித்து, ஒருவர் குறையை ஒருவர் தாங்கி ஆலோசித்தார்கள். ஆயுட்காலப் பிரதிக்கினை எதுவும் கேட்கப்படவில்லை. விவாகம் செய்துகொள்ள விரும்புகிறவள் சங்கத்தினின்று விலகிக்கொள்ளலாம். கல்யாணமாகாத பெண்ணை வீட்டுக்குப் பாரமென்றும், விதவையை அபசகுனமென்றும் கருதிய சமூகத்தில், அவ்விருவருக்கும் மனமொத்த தோழிகளும் மதிப்புள்ள வேலையும் கிடைத்த இடமாக அது இருந்தது. கன்னியர் மடங்கள் உள்ள ரோமான் கத்தோலிக்கர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. திருநெல்வேலிப் புராட்டஸ்டண்டுப் பெண்களுக்கோ இத்தகைய வழியொன்று உண்டென்பதே புதுச் செய்தி.

தோனாவூரின் எல்லாச் செய்கைகளையும் நான் ஒப்புக்கொள்வதாக எண்ணவேண்டாம். 1911-இல் ஒரு சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்கும்படி நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்பு, அவள் இரகசியமாக நாடு கடந்து அனுப்பப்பட்டாள். குழந்தையின் நன்மையைக் கருதியே அது செய்யப்பட்டதென்பதில் ஐயமில்லை. ஆனால் பெற்றவளின் உரிமையையும் நீதிமன்றத்தின் தீர்ப்பையும் நம்முடைய நன்னோக்கத்துக்கு அடங்கியவையாகக் கொள்வது எங்கே போய் முடியுமென்ற கேள்விக்கு, அம்மையாரின் பக்தர்கள் தரும் சமாதானம் என் மனத்துக்குப் போதுமானதாயில்லை.

பண்ணைவிளைக் காலத்திலேயே சிறுமியாக வந்து சேர்ந்த அருளாய் என்பவர், தமக்குப்பின் அம்மையின் ஸ்தானத்தை வகிப்பாரென்று அம்மையார் நம்பியிருந்தார். 1931-ஆம் வருஷம் செப்டம்பரில் அம்மையார் தடுமாறி விழுந்து, காலொடிந்து, அதன்பின் ஏறத்தாழ இருபது வருஷங்கள் அறையை விட்டு அதிகமாக வெளிவர முடியாதவரானபோது, தோனாவூர்க் குடும்பம் நிலைகுலையவில்லை. பரம சுகசாலை என்று பெயர் பெற்ற ஆஸ்பத்திரி அவ்வாண்டுகளில் வளர்ந்தது. ஒரு காலத்தில் தொட்டிலிற் கிடந்தவர்கள் அங்கே தாதிகளாக நின்றார்கள். அருளாயோ 1939-இல், அம்மையாருக்குப் பன்னிரண்டு வருஷங்கள் முன்னதாகவே மரித்துப்போனார். வாரிசென்று ஒருவரைக் குறித்துவைத்த ஏற்பாடு பலிக்கவில்லை. நெய்யூரில் பால்புட்டி கழுவப் பழகிய பெண்களிடமிருந்து அக்காமார் வழியாக இறங்கிவந்த பழக்கமே 1951-இல் அம்மையார் மறைந்த பின்னும் வேலையை நடத்திச் சென்றது.

பொன்னம்மாளின் சரித்திரத்தை அம்மையார் 1918-இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். நாம் அவரைப் பற்றி அறிவதெல்லாம் பெரும்பாலும் அந்நூலின் வழியாகவே. பக்திக்கும் பிரியத்துக்கும் அதிற் குறைவில்லை. ஆனால் வண்டியில் அருகருகே அமர்ந்து பல வருஷங்கள் பிரயாணம் செய்த அவ்விருவருள், அயர்லாந்துப் பெண் தமிழ்ப் பெண்ணைப் பற்றி எழுதியதை வைத்திருக்கிறோமேயல்லாது, தமிழ்ப் பெண் அயர்லாந்துப் பெண்ணைப் பற்றி என்ன எழுதியிருப்பாரென்று அறியும் பாக்கியம் நமக்கு வாய்க்கவில்லை.

(அடுத்த இதழில்: வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரும் அவருடைய முதல் மாணவியரும்)