கோலப் புள்ளிக்குள் ஒரு வகுப்பறை

புழல் ஏரியில் தண்ணீர் தளும்பி நின்றால் மட்டும் நம் வீட்டுக் குடம் நிறைந்துவிடுமா? குழாய் போட வேண்டும். குழாயடிக்கு யாராவது குடத்தை எடுத்துப் போகவும் வேண்டும். படிப்பு விஷயமும் அப்படித்தான்.

இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிக் குழந்தையின் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், அம்மணி. கறுப்பும் வெளுப்புமாக, புள்ளி கலைந்த கோலம் போல ஒரு சதுரம் தென்படும். 2018-ல் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது இந்த க்யூ.ஆர். கோடும் கூடவே வந்தது. கைப்பேசியைக் காட்டினால் பாடத்தின் படமும் விளக்கமும் திரையில் வந்து நிற்கும்!

யார் செய்த மாயம் இது? இரண்டு கூட்டத்தார் சேர்ந்து செய்தது. 2017 செப்டம்பர் 5-ந் தேதி, ஆசிரியர் தினத்தன்று, மத்திய அரசு 'தீக்ஷா' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பெங்களூர் ஏக்ஸ்டெப் நிறுவனத்துப் பொறியாளர்கள் அமைத்த 'சன்பேர்ட்' என்னும் மென்பொருளே அதற்கு அஸ்திவாரம். ஆனால், வகுத்தல் கணக்கில் குழந்தை எந்த இடத்தில் தடுமாறும் என்று பொறியாளருக்குத் தெரியுமா? அதைச் சொல்ல உபாத்தியாயர் வேண்டும். ஆகவே, ஒருவர் பாடத்தைத் தயாரிக்க, வேறொருவர் சரிபார்த்த பிறகே அரங்கேற்றம் என்று ஏற்பாடு. புத்தகத்தில் அச்சான கோடு அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் பாடத்தை மட்டும் மாற்றலாம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத வேளையிலும் பார்க்கலாம். எத்தனை சௌகரியம்!

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. அப்போதுதான் கஷ்டம் தெரிந்தது. வீட்டில் இருப்பதோ ஒரே கைப்பேசி. அது அப்பாவோடு மணலிக்கோ எண்ணூருக்கோ வேலைக்குப் போய்விட்டால்? அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் பாடம் என்றால் யார் விட்டுக்கொடுப்பது? அக்காதானே!

2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. ஆனால், பெட்டியைப் பார்த்து, "டீச்சர், புரியவில்லை" என்று சொல்ல முடியுமா?

2021 அக்டோபர் 27-ந் தேதி 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்துகொண்ட தன்னார்வலர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொன்னார்கள். குழாயடிக்குக் குடத்தை எடுத்துப் போனவர்கள் இவர்களே.

பொறியாளர் குழாய் போட்டார். உபாத்தியாயர் தண்ணீர் விட்டார். மிச்சம் நம் கையில். இன்று சமையலை முடித்ததும் அரை மணி நேரம் கைப்பேசியைப் பெண்ணிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன புரிந்தது, சொல்லு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எந்தச் செயலியும் உங்களைப் போலக் கேட்காது.