சுழியோடி எழுந்த பின் உடலில் தங்கும் நைதரசன்

மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் கடலட்டை, சங்கு எடுக்கும் எமது உறவுகள் பலர் இன்று சிலிண்டர் கட்டியே சுழியோடுகின்றனர். மொன்றியலில் வளரும் எமது பிள்ளைகளோ குளிர்கால விடுமுறைக்குக் கியூபா சென்று, அதே சிலிண்டரை விளையாட்டுக்காகக் கட்டுகின்றனர். இரு பகுதியினருக்கும் ஆபத்து ஒன்றே.

அக்காலத்தில் மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர் கல்லின் பாரத்தில் இறங்கி, ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தனர். சிலிண்டர் கட்டியவரோ கடலடியில் இருந்தபடியே, அமுக்கம் கூடிய காற்றை மூச்சுக்கு மூச்சு உள்ளே இழுக்கிறார்.

காற்றில் ஏறத்தாழ 78 வீதம் நைதரசன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் தரையிலுள்ளதைப் போல இரு மடங்கு. 30 மீற்றரில் நான்கு மடங்கு. அமுக்கம் கூடக்கூட நைதரசன் குருதியிலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது.

வந்த வழியாகவே அது திரும்பிப் போகவேண்டும். இழையங்களிலிருந்து குருதிக்கும், குருதியிலிருந்து சுவாசப்பைக்கும் வந்து மூச்சோடு வெளியேறுகிறது. குருதியோட்டம் நிறைந்த மூளை விரைவாக விட்டுவிடும். கொழுப்பு மெதுவாகவே விடும். ஓர் இழையம் மேலதிக நைதரசனில் பாதியை விட 40 நிமிடம் எடுத்தால், மிஞ்சியதில் பாதியை விட இன்னொரு 40 நிமிடம் வேண்டும். இப்படி ஆறு தடவை, அதாவது 4 மணி நேரம் சென்றால்தான் அநேகமாக முழுவதும் நீங்கும்.

அவசரப்பட்டு மேலே வந்தால், திறந்த சோடாப் போத்தல் போலக் குமிழிகள் கிளம்பும். மூட்டுவலி, தோற்கடி, விறைப்பு ஏற்படலாம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டால் கால்கள் வழங்காமலும் போகலாம். படிப்படியாக மேலே வந்தால் இதைத் தவிர்க்கலாம் என்பதை, ஆடுகளில் சோதனை செய்து 1908இல் வெளியிட்டவர் பிரித்தானிய விஞ்ஞானி ஜோன் ஸ்கொட் ஹால்டேன்.

இன்று பொதுவாகச் சொல்லப்படும் விதிகள் இவை: நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறக்கூடாது. 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தரிக்கவேண்டும். ஒருமுறை சுழியோடியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை சுழியோடியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது. விமானத்துள் அமுக்கம் குறைவதால் மிஞ்சிய நைதரசன் குமிழியாகலாம். ஆகவே மொன்றியல் திரும்பும் நாளில் சுழியோட்டம் வேண்டாம்.

சுழியோடிய பின் தோள் வலித்தாலோ, கால் விறைத்தாலோ களைப்பென்று எண்ணி எண்ணெய் பூசிப் படுக்கக்கூடாது. மீண்டும் கடலில் இறங்கிச் சரிப்படுத்த முயல்வதும் ஆபத்து. தூய ஒட்சிசன் கொடுத்தால் நைதரசன் விரைந்து வெளியேறும். அதைக் கொடுத்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதற்கான அமுக்க அறைச் சிகிச்சை மொன்றியல் சாக்ரே-கேர் வைத்தியசாலையில் உண்டு.

ஊரில் தம்பிக்குச் சிலிண்டர் வாங்கப் பணம் அனுப்பும்போது, இந்த விதிகளையும் தொலைபேசியில் சொல்லிவிடுவோம்.