தவளை தரும் சுருள்வாள்

திருவனந்தபுரத்தில் கரமனைக்குச் சற்றுத் தொலைவில், தைக்காட்டில், ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் அமைந்துள்ளது. கேரளத்தில் வாழும் 'ஹைட்ரோஃபைலாக்ஸ் பகுவிஸ்தாரா' என்னும் தவளையின் தோற்சுரப்பை இம்மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்தன. முடிவுகள் 2017-இல் வெளியாயின. தவளைகளுக்கு மென்மையான மின்தூண்டல் அளித்துச் சுரப்பைச் சேகரித்தபின், அவை வாழிடத்திலேயே விடப்பட்டன.

ஈரத்தோலும் சேற்று வாழ்க்கையும் கொண்ட தவளைக்குக் கிருமிகள் ஓயாத பகை. அதன் தோற்சுரப்பிகள் பெப்டைடு எனப்படும் குறும்புரதங்களை வெளியே சுரக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை நேர்மின்னூட்டம் உடையவை. பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின்னூட்டம் உடையது. ஆகவே குறும்புரதம் அதில் ஒட்டிச் சவ்வைத் துளைக்கிறது. உள்ளிருப்பவை கசிந்து கிருமி மடிகிறது. மனித உயிரணுவின் வெளிச்சவ்வு பெரும்பாலும் மின்நடுநிலையானது. அதிலுள்ள கொலஸ்டிராலும் ஓரளவு காப்பளிக்கிறது.

ஆயினும் இந்தப் பாகுபாடு முழுமையானதன்று. கிருமியைத் துளைப்பது சிவப்பணுவையும் துளைக்கக்கூடும். நம் உடலிலேயே இதற்குச் சான்றுண்டு. ஒருவகை வெள்ளணுக்கள் டி.என்.ஏ. இழைகளை ஹிஸ்டோன் புரதங்களுடன் வலைபோல் வெளியே வீசிக் கிருமிகளைக் கொல்வது 2004-இல் அறியப்பட்டது. கடுமையான குருதி நச்சேற்றத்தின்போது, அதே ஹிஸ்டோன்கள் இரத்தக் குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களையும் அழிப்பது 2009-இல் தெரிய வந்தது. கொல்லும் திறனைக் காட்டிலும் இனம் பிரித்துக் கொல்லும் திறனே அரியது.

கேரளத் தவளை ஆய்வும் இதையே காட்டிற்று. சோதிக்கப்பட்ட 32 குறும்புரதங்களுள் நான்கு மட்டுமே இன்ஃபுளுவென்சா வைரசை அழித்தன. அவற்றுள்ளும் மூன்று மனிதச் சிவப்பணுக்களுக்கு நஞ்சாயின. எஞ்சிய ஒன்றுக்கு 'உறுமி' என்ற சொல்லிலிருந்து 'உறுமின்' எனப் பெயரிட்டனர். தமிழருக்கு உறுமி இசைக்கருவி. மலையாளத்திலோ அது சுருள்வாள்.

27 அமினோ அமிலங்களால் ஆன உறுமின், எச்1 வகை வைரசின் புறப்புரதத் தண்டில் பற்றிக்கொண்டு வைரசைச் சிதைக்கிறது. வைரஸ் எளிதில் மாற்றிக்கொள்ளாத பகுதி அது. மருந்துக்கு இணங்காத எச்1 வைரஸ்களும் இதற்குத் தப்பவில்லை. மூக்கு வழியே செலுத்தியபோது எலிகளைக் கொடிய தொற்றிலிருந்து இது காத்தது. எச்3 வகையிடம் இதன் வாள் செல்லவில்லை.

ஆய்வகத்திலேயே செயற்கையாகத் தயாரிக்கக் கூடியதாகையால், இதற்கெனத் தவளைகளைக் கொல்லத் தேவையில்லை. ஆனால் உடலின் நொதிகள் இத்தகைய குறும்புரதங்களை விரைவில் வெட்டிவிடுகின்றன. இவற்றை மருந்தாக்க முனைவோர் முதலில் கடக்க வேண்டிய இடர் இதுவே.