கறைக்கும் ஒரு காரணம் வேண்டும்

இரண்டு சென்டிமீட்டர் உயர மனிதர் ஒருவர் நடைமேடையில் ரயிலுக்காக நிற்கிறார். அவர் ஏறப்போகும் 20 மீட்டர் பயணிகள் பெட்டி இங்கே 23 சென்டிமீட்டர்தான். மாதிரி ரயில் அமைப்பவர்கள் உலகெங்கும் மிகுதியாகக் கையாளும் 'எச்ஓ' அளவு இது: நிஜத்தில் 87 பங்கு இருப்பது இங்கே ஒரு பங்கு. 1,435 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளம் 16.5 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

எல்லாவற்றையும் 87-ஆல் வகுத்தால் போதுமா? போதாது. கைத்திறனுக்கு வேலை வருவதே அதன் பிறகுதான்.

எடையைப் பாருங்கள். நீளம் 87 மடங்கு குறைந்தால், கனஅளவு ஆறரை லட்சம் மடங்குக்கும் மேல் குறைகிறது. 80 டன் சரக்கு வேகன் சுமார் 120 கிராம் ஆகிறது. பிளாஸ்டிக் வேகனோ அதைவிடவும் லேசானது; வளைவில் தடம் புரண்டுவிடும். அதனால் அடித்தளத்தில் உலோகத் துண்டுகளை ஒட்டிக் கனமாக்குகிறார்கள்.

வளைவும் இடக்குப் பண்ணும். 200 மீட்டர் ஆரமுள்ள வளைவைச் சுருக்கினாலும் 2.3 மீட்டர் வரும். ரயில் திரும்ப நாலரை மீட்டருக்கு மேல் அகலமான அறை வேண்டும். வீட்டில் அதற்கு ஏது இடம்? அரை மீட்டர் ஆரத்துக்குள் வளைத்துவிட்டு, அந்தக் கூர்மை கண்ணில் படாதபடி மலையையும் சுரங்கத்தையும் முன்னே எழுப்புகிறார்கள்.

தண்ணீர் சுருங்கவே சுருங்காது. தண்டவாளத்தின் நடுவே பொடிக்கல்லைத் தூவி, நீர் கலந்த பசையை விட்டால், துளி உருண்டு திரண்டு கல்லையும் இழுத்துக்கொண்டு ஓடும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டுச் சேர்த்தால் பரப்பு இழுவிசை தளரும். பசை கல்லிடுக்கில் அமைதியாக இறங்கும்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகும் ரயில் பொம்மையாகவே தெரியலாம். காரணம், அதன் பளபளப்பு. இதை நன்கு உணர்ந்தவர் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன். புகைப்படக் கலைஞர். வீட்டின் நிலவறையில் 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்ற கற்பனை ரயில்பாதையை எச்ஓ அளவில் கட்டினார். தரையிலிருந்து கூரை வரை மலைகள்; இடத்தை விரித்துக் காட்டக் கண்ணாடிகள். புத்தம்புது இன்ஜின் மீது துருவையும் புழுதியையும் தீட்டி, அதற்கு வயதைக் கொடுத்தார்.

முறை எளிது. நீர்க்கக் கரைத்த கறுப்பு மையைப் பூசினால் பலகை இடுக்குகளில் தேங்கி நிழலாகும். வண்ணத்தை ஒற்றியெடுத்த உலர்ந்த தூரிகையை உரசினால் விளிம்புகள் தேய்ந்தவை போலத் தெரியும். ஆனால் எங்கே பூசுவது? புகைபோக்கியைச் சுற்றிக் கரி. சக்கரத்தருகே பிரேக் கட்டை உதிர்த்த பழுப்புத் தூள். மழைநீர் வழிந்த தடத்தில் துரு. காரணமில்லாத கறை வெறும் அழுக்கு.

1973 ஜனவரியில் ஆலன் காலமானார். சில நாட்களிலேயே அவருடைய மலைகளும் பாலங்களும் தீயில் அழிந்தன. அவர் எடுத்த படங்கள் மிஞ்சின. அவர் காட்டிய பழக்கமும் மிஞ்சியது. மாதிரி வேகனைத் தீட்ட உட்காரும் முன், நல்ல கைவினைஞர் இன்றும் சரக்கு யார்டுக்குப் போய், உண்மையான வேகனில் துரு எந்த மூலையில் பிடித்திருக்கிறது என்று நின்று பார்க்கிறார்.