பட்டாவில் ஒரு பிழை

ஒரு காலத்தில் ஊர் நிலங்களின் ஜாதகம் கிராமக் கணக்கரான கர்ணத்தின் வீட்டு மரப்பெட்டிக்குள் இருந்தது. அடங்கல், சிட்டா, அ-பதிவேடு என்று நிலக் கணக்கெல்லாம் அவர் கையில். தன் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று அறிய வந்த குடியானவர் திண்ணையோரம் நிற்க வேண்டும்; திண்ணையில் உட்கார எல்லாச் சாதிக்கும் இடமில்லை. கணக்கை எழுதுபவரும் அவரே, படித்துச் சொல்பவரும் அவரே. பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளை 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. பிறகு வந்தவர்தான் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.).

அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பழைய கணக்கைப் புதுப்பித்து, நிலத்தை உண்மையில் வைத்திருப்பவர் பேருக்கே பட்டா கொடுப்பது நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் இன்றும் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் மஞ்சப்பையோடு நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், "யு.டி.ஆர். மிஸ்டேக் சார்" என்பார். தகப்பன் பெயர் மாறியிருக்கும். சர்வே எண் 112/3ஏ-யில் இருக்க வேண்டியவர் 112/3பி-யில் இருப்பார். அண்ணன் தம்பி மூவர் நிலம் மூத்தவர் பேரில் மட்டும் ஏறியிருக்கும். அண்ணன் இருக்கும்வரை யாருக்கும் அது உறைக்காது; அவர் பிள்ளைகள் விற்கக் கிளம்பும்போதுதான் வம்பு.

அந்தக் கணக்கு பின்னாளில் கணினியில் ஏறியது, பிழையும் சேர்ந்தே ஏறியது.

பார்ப்பது இன்று சுலபம். 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா கைப்பேசியிலேயே வந்துவிடும். பழைய கோப்பு வேண்டுமா? 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கர்ணம் காலத்தில் இதை நினைத்திருக்கவும் முடியாது.

திருத்துவது அப்படியில்லை. இ-சேவை மையத்தில் மனுவை ஏற்றிவிடலாம். அதற்குப் பிறகு வி.ஏ.ஓ. அறிக்கை, சர்வேயர் அளவை, வட்டாட்சியர், பிழையைப் பொறுத்துக் கோட்டாட்சியர் அல்லது மாவட்ட வருவாய் அலுவலர் விசாரணை என்று அதே பழைய படிகள்தான். பிழை செய்தது அரசுப் பதிவேடு. நிரூபிக்கும் பாரம் மட்டும் சொந்தக்காரர் தலையில். இது நியாயமில்லை.

ஆகவே இந்த வாரமே உங்கள் பட்டாவைத் திறந்து பாருங்கள். பெயர், தகப்பன் பெயர், உட்பிரிவு எண், பரப்பளவு நான்கையும் மூலப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். தவறு தெரிந்தால், அந்தக் காலத்தை அறிந்த பெரியவர்கள் சாட்சி சொல்ல இருக்கும்போதே மனுக் கொடுத்துவிடுங்கள்.