பாட்டு எப்போது தொடங்கும்? கேட்டல் பயிற்சிக்கு ஒரு மின்னிசை ஜாஸ் பதிவு

கேட்டல் கருத்தறிதல் பயிற்சி நடக்கும்போது மாணவர்களின் முகங்களைக் கவனித்திருப்பீர்கள். ஒலிப்பதிவில் தெரியாத சொல் ஒன்று வந்துவிட்டால் போதும், “அது என்ன சொல்லு?” என்று மனம் அங்கேயே நின்றுவிடும். அதற்குள் அடுத்த மூன்று வாக்கியங்கள் ஓடிப்போயிருக்கும். மதிப்பெண் போவது அந்த ஒரு சொல்லால் அல்ல, அதற்குப் பிறகு கேட்காமல் விட்டதால்தான். புரியாத இடத்திலும் காதைத் திறந்தே வைத்திருக்கும் பழக்கம் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதால் வராது. சொற்களே இல்லாத, முன்பின் கேட்டிராத ஓர் இசைப்பதிவு அதற்கு உதவும்.

எந்தப் பதிவு?

ஜாஸ் இசையில் வழக்கமாக ஒரு மெட்டும் அதற்கென ஒரு சட்டகமும் இருக்கும். அதற்குள் நின்றுதான் கலைஞர்கள் கற்பனையாக வாசிப்பார்கள். 1960 டிசம்பரில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் அந்தச் சட்டகத்தைப் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிட்டு, எட்டுப் பேரை ஒன்றாக வாசிக்க வைத்தார். நால்வர் இடப்பக்க ஒலிபெருக்கியில் கேட்பார்கள், நால்வர் வலப்பக்கத்தில். ‘ஃப்ரீ ஜாஸ்’ என்ற அந்த இசைத்தட்டின் பெயரே பிறகு ஒரு பாணிக்கும் பெயராகிவிட்டது.

அந்தச் சுதந்திரத்தோடு மின்கருவிகளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று, 1975 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் ஒசாகா நகரில் மைல்ஸ் டேவிஸ் குழு நடத்திய கச்சேரி. பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. பகல் கச்சேரி ‘அகார்த்தா’ என்றும் மாலைக் கச்சேரி ‘பாஞ்சியா’ என்றும் இசைத்தட்டுகளாக வந்தன. அதே ஏழு பேர், அதே மேடை, சில மணிநேர இடைவெளி. ஆனாலும் இரண்டும் வேறு வேறு!

முழுக்க முழுக்க ஃப்ரீ ஜாஸ் என்று இதைச் சொல்ல முடியாது. கீழே மைக்கேல் ஹெண்டர்சனின் பேஸ் கிட்டாரும் ஆல் ஃபாஸ்டரின் டிரம்ஸும் தாளத்தை இறுகப் பிடித்திருக்கும். மேலே பீட் கோசியின் மின்கிட்டாரும் சானி ஃபார்ச்சூனின் சாக்ஸபோனும் கட்டில்லாமல் அலையும். டேவிஸ், கிட்டார் வாசிப்பவர்கள் காலால் மிதிக்கும் ‘வா-வா’ கருவியோடு தம் டிரம்பெட்டை இணைத்திருந்தார். அதனால் அது சில இடங்களில் மனிதக் குரல்போல முனகும்.

“டீச்சர், பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?”

வகுப்பில் இதைப் போட்டால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். பல்லவி வரும், சரணம் வரும் என்று நம் காது காத்திருக்கிறது. ஆனால், கச்சேரியில் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது, “இது என்ன பாட்டு?” என்று நாம் கேட்பதில்லையே! மிருதங்கம் கொடுத்ததைக் கஞ்சிரா எப்படித் திருப்பிக் கொடுக்கிறது என்றுதானே கேட்கிறோம்? இங்கேயும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

ஒரு வேறுபாடு உண்டு. தனி ஆவர்த்தனத்தில் தாளக் கணக்கைக் கையில் போட்டுக்கொண்டே பின்தொடரலாம். டேவிஸ் குழுவிலோ, அவர் ஒரு சைகை காட்டினால் வாத்தியங்கள் சட்டென்று நிற்கும், ஒருவர் மட்டும் தனியே தொடர்வார். பதிவில் சைகை தெரியாது. திடீர் அமைதிதான் காதில் விழும். அந்த அமைதியைத் தவறவிடாமல் பிடிப்பதுதான் பயிற்சி.

எப்படிக் கேட்பது?

முதலில் இசை வேண்டாம். பாசிர் ரிஸ் பூங்காவில் மூன்று நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். அலை, குயில், காட்டுக்கோழி, சைக்கிள் மணி, மேலே போகும் விமானம். எது முதலில் வந்தது, எது நின்றது, எது நிற்கவே இல்லை என்று எழுதுங்கள். பாசிர் ரிஸில் இல்லாதவர்கள் தங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே இதைச் செய்யலாம்.

அடுத்து, ‘பாஞ்சியா’வில் உள்ள ‘கோண்டுவானா’ என்ற பகுதியின் முதல் பத்து நிமிடத்தை மூன்று முறை கேளுங்கள். புல்லாங்குழலோடு அமைதியாகத் தொடங்குவதால் புதியவர்களுக்கு இது எளிது.

முதல் முறை: பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். மற்றவை எவ்வளவு இழுத்தாலும் போகாதீர்கள்.

இரண்டாம் முறை: யாருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

மூன்றாம் முறை: மாற்றம் வரும் நேரத்தை மட்டும் நிமிடம், விநாடியோடு குறியுங்கள். இருவர் குறித்ததை ஒப்பிட்டுப் பார்த்தால் யார் எங்கே கவனத்தை விட்டார் என்பது தெரிந்துவிடும்.

பிறகு ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். படித்த இரட்டைக்கிளவிகளுக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. ‘கடகட’ எந்தக் கருவிக்குப் பொருந்தும்? ‘சலசல’ எதற்கு? ‘படபட’ என்று எப்போது மாறியது? இவற்றுக்கு விடைத்தாளைப் பார்த்துப் பதில் எழுத முடியாது, கேட்டால்தான் முடியும்.

மிகவும் கடினமாக இருந்தால்?

நமக்குப் பழகிய ஒலியிலிருந்து தொடங்கலாம். டேவிஸோடு முன்பு பதிவுகளில் வாசித்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், அதே 1975இல், ஜூலை 5 அன்று அமெரிக்காவில் ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டை நேரடிக் கச்சேரியாகவே பதிவு செய்தார். அதில் எல். சங்கரின் வயலின், விக்கு விநாயக்ராமின் கடம், ஆர். ராகவனின் மிருதங்கம், ஜாகிர் உசேனின் தபலா எல்லாம் உண்டு. பின்னாளில் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் அமைந்த குழுவில் யு. ஸ்ரீநிவாஸின் மின் மாண்டலினும் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவும் சேர்ந்தன. இந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டு ஒசாகாவுக்குப் போனால் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

‘கோண்டுவானா’ என்ற பெயரிலும் தமிழாசிரியர்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. பழங்கால நிலப்பகுதி ஒன்றுக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர் அது. மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரிலிருந்து வந்தது. அவர்கள் பேசும் கோண்டி, தமிழைப் போலவே ஒரு திராவிட மொழி. நம் உறவு மொழியின் பெயர் ஒசாகா மேடை வரை போயிருக்கிறது!

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: பத்து நிமிடமே போதும். அந்தப் பகுதி முக்கால் மணிநேரத்துக்கும் மேல் ஓடும். முழுவதையும் ஒரே மூச்சில் போட்டால் அடுத்த முறை ஹெட்போனைக் கையில் எடுத்தாலே மாணவர்கள் ஓடிவிடுவார்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்துவிட்டு, அதே பாடவேளையில் வழக்கமான கேட்டல் பகுதி ஒன்றையும் போட்டுப் பாருங்கள். தெரியாத சொல் வரும்போது மாணவர் பேனாவைக் கீழே வைக்கிறாரா, அடுத்த வாக்கியத்துக்குப் போகிறாரா என்று கவனியுங்கள்.